முழுப் பிழை

நடிக்க வந்திருக்கும் உங்களில் ஒருவருக்கு மண்டு வேடம் கொடுத்துவிட்டார்களாம். அதற்காக இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாராம். "பட்டம் வாங்கின எனக்கா இந்த வேடம்?" என்று ஒப்பனை அறையில் கேட்டாராம். வேலையை விட்டு ஒதுங்கிய நடிகனுக்குக் கால் போகாத இடத்துக்கெல்லாம் காது போகும், அதனால் செய்தி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனாலும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் கேட்கலாம், தப்பில்லை.

நானும் மண்டுதான். மலேசியாவின் பினாங்கில் தொண்ணூறுகளில் எடுத்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நான் கோவிந்து. கதை ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு பழைய தங்கும் விடுதியில் நடக்கும். விடுதியை நடத்தும் அம்மா ஒருவர், அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், எடுபிடி வேலைக்குக் கோவிந்து. கிராணி என்றால் எங்கள் ஊரில் அலுவலக எழுத்தர். இந்தக் கிராணிக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. கோவிந்து எதையாவது தப்பாகச் சொல்ல வேண்டியது, கிராணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "பிழை! முழுப் பிழை!" என்று சொல்ல வேண்டியது. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அவரோடு சேர்ந்து கத்துவார்கள். தொடர் பிடித்துப்போனதற்கு அந்த ஒரு வசனமே பாதிக் காரணம்.

வார நாட்களில் நான் இடைநிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். வகை நுண்கணிதம் நடத்திவிட்டு வெளியே வந்தால் பையன்கள் நடைபாதையில், "கோவிந்து போறான்டா" என்பார்கள். ஜெலுத்தோங் பசாரில் எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா ஒருநாள் பையை என் கையில் கொடுத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுல முள்ளு இருக்கும். பார்த்து சாப்பிடணும் லா, என்ன? வீட்டுல யாராச்சும் எடுத்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த மீனைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது. மீன் நன்றாக இருந்தது.

தொடக்கத்தில் எனக்கு அந்த வேடம் வரவில்லை. முதல் சில பகுதிகளில் தள்ள வேண்டிய கதவைக் கோவிந்து இழுத்துக்கொண்டே நிற்கும் காட்சி ஒன்று உண்டு. நான் இழுத்தேன். ஆனால் ஓரக்கண்ணால் பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டு இழுத்தேன். 'இது தள்ளுகிற கதவு என்று எனக்குத் தெரியும், நான் கணித ஆசிரியர்' என்று என் முதுகுகூடச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது, அதுவும் வேறு காரணத்துக்காக.

அந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் முதல் வரி தப்பு. கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க ஒரு படிகூடத் தவறவில்லை. சுத்தமான, அழகான, நேர்மையான கணக்கு, போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு ஊர். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிந்துவின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவன் யோசிக்காதவன் இல்லை, நம்மைவிட நேராக யோசிக்கிறான். தொடங்குகிற இடம் மட்டும் தப்பு. அடுத்த வாரத்திலிருந்து நான் கதவை இழுக்கிற கதவாகவே நம்பி இழுத்தேன், சனங்கள் சிரித்தார்கள்.

*

எங்கள் அரங்கம் ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய கிடங்கு. கூரை தகரம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில்தான் பதிவு. பெஞ்சுகளில் சனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூரையில் ஆணி விழுந்த ஓட்டைகள் வழியாக வெயில் உள்ளே இறங்கி, நேரம் ஆக ஆக அவர்கள் தலைமேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். ஃபெரி புறப்படும்போது ஊதும் சங்கு எல்லா வசனத்துக்கும் குறுக்கே வரும், அது ஓயும்வரை அசையாமல் நிற்போம். கையில் தேநீர்க் கோப்பையோடு, பாதி சொன்ன வார்த்தையோடு, அப்படியே. இன்றைக்கும் மதியத் தூக்கத்தில் நான் அந்தச் சங்கைக் கேட்கிறேன். தூக்கத்திலும் அசையாமல் படுத்திருப்பதாக என் மனைவி சொல்கிறாள்.

விடுதிக் கூடமாகப் போட்டிருந்த அரங்க அமைப்பில் ஒரு சன்னல் இருந்தது. அதற்குப் பின்னால் துணியில் வரைந்த கடல். துணிக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் உண்மையான கடல். வரைந்த கடலில் எப்போதும் காலை நேரம், ஒரே ஒரு படகு. அதை ரொம்ப நேரம் பார்த்தால் அந்தப் படகு கொஞ்சம் நகர்ந்தது போலிருக்கும். நாங்கள் எல்லாருமே ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நம்பியிருக்கிறோம்.

கிராணியாக நடித்தவர் செல்லத்துரை அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்த குடும்பம், அவரும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழையே கிராணிக்கும் பேசினார். என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர், இருந்தாலும் ஒருநாளும் எனக்குப் புத்தி சொன்னதில்லை. இடைவேளையில் இருவரும் ஒரே தட்டில் நாசி கண்டார் சோறு சாப்பிடுவோம். அவர் குழம்பை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் உருட்டுவார், நான் அந்தக் குழம்பை எடுத்துக்கொள்வேன். எங்கள் நட்பு அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

ஒருநாள் இடைவேளை முடிந்து நாங்கள் உள்ளே வந்தபோது அவர் அந்தச் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். "சாரல் அடிக்குது. நிலமெல்லாம் நனையப்போகுது" என்றார். ஒளிப்பதிவுக்காரர்கள் சிரித்தார்கள். பிரமாதம், அடுத்த காட்சியில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்போது எந்த ஒளிப்பதிவுக் கருவியும் ஓடவில்லை. அவர் யாருக்காகவும் நடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வசனங்கள் நழுவ ஆரம்பித்தன. முதலில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வரி. ஒரு பதிவில் அவர் நடுவில் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற நான், நாம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். உதடு அசையாமல் அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "என்ன? என்ன சொன்னனீர்?" என்று உரக்கக் கேட்டார். மறுபடி கொடுத்தேன். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. சொன்ன வரி அவருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பெஞ்சுகளில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது வழக்கமாக நாங்கள் சம்பாதிக்கும் சிரிப்பு இல்லை.

அன்று அவருடைய மனைவி மகேஸ் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு அமைப்புக்குப் பின்னால் வந்து நின்றார். சின்ன உருவம், மெல்லப் பேசுவார்.

"தம்பி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். டொக்டர் பாத்தவர். மறதி இனிக் கூடிக்கொண்டுதான் போகுமாம். மருந்து ஒண்டும் பெரிசா இல்லையாம்."

நான் கூடையை வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"மற்ற நாளெல்லாம் நான்தான் சட்டை போட்டு விடவேணும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தானாவே எழும்பிக் குளிச்சு, தானாவே போடுறார். அந்த ஒரு நாளை இவையள் பறிச்சுப்போட்டினம் எண்டால்..." அவர் முடிக்கவில்லை. கூடையின் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். "தொடர் முடியுமட்டும், தம்பி. அவ்வளவுதான் கேக்கிறன்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மறைத்திருப்பீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கிடங்கிலிருந்து சூலியா தெருவரை நடந்து யோசித்தேன். எங்கள் தயாரிப்பாளர் காதர் அண்ணனுக்கு அங்கே குடும்பத்துச் சாப்பாட்டுக் கடை இருந்தது. அவருக்குத் தெரியாமல் நான் ஒருவன் இதைத் தூக்கிச் சுமக்க முடியாது என்று தோன்றியது. மேடையில் நிற்கும் ஒருவர் விழப்போகிறார் என்றால், அது கீழே நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போய்ச் சொன்னேன்.

காதர் அண்ணன் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்தவில்லை.

"நான் டேப்புக்காகப் பேசல தம்பி. டேப் போனா போகுது லா. சனங்க கிராணியைப் பார்த்துச் சிரிக்கிறது வேற. அந்த மனுசன் தெரியாம நிக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிறது வேற. அதை என் கொட்டாயில நடக்க விடமாட்டேன்."

"இன்னொரு வாரம் பாருங்கண்ணே."

"வர்ற ஞாயிறு. அவ்ளோதான். அவரு நின்னுட்டார்னா நானே கையைத் தூக்கி நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் கிராணி ஊருக்குப் போயிட்டார்னு கதையை மாத்திடலாம். சத்தமில்லாம, மரியாதையா."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஊரிலிருந்து கிராணி திரும்பி வரமாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இப்படி. விடுதிக்கார அம்மாவின் அக்கா மகள் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். தீவிலிருந்து அக்கரைக்குப் போய் அவளை அழைத்து வர வேண்டியது கோவிந்து. எப்படிப் போவது என்று கிராணி அவனுக்கு வழி சொல்கிறார். ஒரு பக்க நீளத்துக்கு வழி. அவர் விளக்கி முடித்து, "இப்ப விளங்கிச்சோ?" என்று கேட்கும்போது, அந்தப் பெண் தானாகவே வந்து பெட்டியோடு இவர்கள் பின்னால் நிற்பாள். அந்தக் கேள்விதான் அவளுக்குக் குறிப்பு. கேள்வி வராவிட்டால் அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாரம் முழுக்க அவர் வீட்டுக்குப் போய் அந்த வழியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை.

அன்று காலையிலிருந்து மழை. தகரத்தில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கண் சொக்கியது. மகேஸ் அக்கா முன் பெஞ்சில் இருந்தார். பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

"கிராணி ஐயா, புக்கிட் மெர்தாஜாமுக்கு எப்படிப் போறது?" என்றேன்.

அவர் சன்னலோரம் போய் நின்றார். அது எழுதியபடிதான். வரைந்த கடலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கிராணி பெரிய மனிதத் தோரணையில் யோசிக்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெலிந்தது. மழை மட்டும் கேட்டது. கருவிக்குப் பக்கத்தில் காதர் அண்ணனின் கை மடியிலிருந்து மெல்ல உயர ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

எடுத்துக் கொடுத்தால் போன வாரம் நடந்தது நடக்கும். அவர் சார்பில் நானே வழியைச் சொல்லிவிடலாம், ஆனால் கோவிந்துவுக்கு வழி தெரிந்துவிட்டால் கதை அங்கேயே செத்துப்போகும். அந்த நொடியில் என் வகுப்பறை எனக்கு ஞாபகம் வந்தது. கேள்வி கேட்டால் வாயே திறக்காத பிள்ளைகள் இருப்பார்கள். பலகையில் நான் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் போதும், தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து, "சார், தப்பு சார்!" என்பான். விடை தெரியாதவனுக்கும் தப்பு தெரியும். அது வேறெங்கோ இருந்து வருகிறது.

நான் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். "எனக்கே தெரியும் ஐயா. புக்கிட்னா மலை. மலைக்குப் போறது மலை ரயிலு. நான் மலை ரயில்ல ஏறிக்குறேன்."

பினாங்கில் மலை ரயில் எங்கே போகும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். தீவுக்குள்ளேயே இருக்கும் மலையில் ஏறிவிட்டு இறங்கிவிடும். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. அவர் தோள் அசைந்தது. மெல்லத் திரும்பினார்.

"பிழை" என்றார். சத்தமே இல்லை.

பிறகு கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "முழுப் பிழை! அந்த மலை இஞ்சை, இந்த மலை அக்கரையிலையடா மடையா! ஃபெரிக்குப் போ!"

கிடங்கே அவரோடு சேர்ந்து கத்தியது. காதர் அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

"ஃபெரில ஏறினா நேரா லங்காவித் தீவுல இறக்கி விட்டுடுவாங்க."

"பிழை! பட்டர்வொர்த்திலை இறக்குவான். இறங்கி ரயில் எடு."

"ரயில் எதுக்கு ஐயா? ரயில்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஊருங்கதான் ஓடி ஓடி வருது. நான் பட்டர்வொர்த் ஸ்டேசன்லயே நிக்கிறேன், புக்கிட் மெர்தாஜாம் வரட்டும்."

"முழுப் பிழை! ஊர் ஓடாது. நீதான் ஓடவேணும்!"

இதில் எதுவும் எழுதப்பட்டதில்லை. எழுதினவர் மூலையில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் ஒரு படி தப்பாக வைத்தேன், அவர் அதன் மேல் ஏறி அடுத்த படிக்கு வந்தார். அப்படியே ரயில் நிலையம்வரை வந்து சேர்ந்தோம். அங்கே அவர் நின்றார். முகம் மாறியது. அவர் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

"அங்கை இறங்கேக்கை மழை பெய்யும்" என்றார். "பிளாட்பாரத்திலை கடைசித் தூணடியிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை நிப்பாள். கையிலை குடை இருக்கும். விரிக்கமாட்டாள். புதுக் குடை நனைஞ்சு போயிடும் எண்டு."

தகரத்தில் மழை பெய்தது. அவர் சொன்ன பிளாட்பாரத்திலும் அதே மழைதான் பெய்கிறது என்று தோன்றியது. நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் அங்கே நின்றோம். முன் பெஞ்சில் மகேஸ் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அவரை அங்கேயே விட்டுவிட ஆசையாக இருந்தது. விட்டிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டார். "குடை கறுப்புதானே ஐயா?" என்றேன்.

"பிழை. சிவப்பு."

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். உண்மையான தவறு. ஆசையில், "அவங்க பேரு என்னா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். உடனே அவர் கண் இருண்டது. "ஆர்?" என்றார். "ஆரின்ரை பேர்?" போன வாரத்துப் பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கேள்வி அவருக்கு மூடிய கதவு, நான் அதைப் போய்த் தட்டிவிட்டேன். கோவிந்து கேள்வி கேட்கக் கூடாது. கோவிந்து தப்பாகத்தான் சொல்ல வேண்டும்.

"சரி விடுங்கய்யா" என்றேன். "நான் போயி அந்தம்மாவை மழையில அங்கேயே விட்டுட்டு, குடையை மட்டும் பத்திரமா கூட்டிட்டு வந்துடுறேன். புதுக் குடைல்ல?"

அவர் நிமிர்ந்தார். அப்படியொரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"பிழை! முழுப் பிழை! குடை போனாப் போகட்டுமடா! ஆளைக் கூட்டிக்கொண்டு வா! இப்ப விளங்கிச்சோ?"

கதவு திறந்தது. அந்தப் பெண் பெட்டியோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள். கிடங்கு இடிந்துவிடும் போலிருந்தது. மழைச் சத்தமே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது காதர் அண்ணன் என்னிடம் வந்தார். "அந்தக் குடையை யாரு எழுதினது?" என்றார். நான் முன் பெஞ்சைப் பார்த்தேன். செல்லத்துரை அண்ணன் அங்கே சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார், மகேஸ் அக்கா பக்கத்தில் இருந்து குழம்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார். காதர் அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி லா. அவரு இருக்கட்டும்" என்றார்.

தொடர் முடியும்வரை அவர் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் தானாகவே சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எழுத்தாளர் அவருக்கு வசனம் எழுதுவதை நிறுத்திவிட்டார், எனக்குத் தப்புகளை மட்டும் எழுதினார். அதிலும் அளவு இருக்கிறது, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு ரொம்பப் பெரிதாக இருந்தால் அவர் குழம்பிவிடுவார். சின்னதாக இருந்தால் கண்டுகொள்ளாமல் ஆமாம் என்றுவிடுவார். சரியான விடைக்கு ஒரு கை தூரத்தில் வைக்க வேண்டும், அவர் கை நீட்டினால் எட்டும்படி. அதற்கு முதலில் சரியான விடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் போட்ட கடினமான கணக்கெல்லாம் அந்தக் கிடங்கில் போட்டதுதான். தெருவில் போகிறவர்கள், 'கிராணி என்ன மூளைக்காரர், கோவிந்து என்ன மண்டு' என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பொய் சொல்லவில்லை.

ஆகவே, முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அந்த நண்பருக்கு: உங்களிடம் மூளை இல்லை என்று நினைத்து அந்த வேடத்தைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிற அளவு உங்களிடம் இருக்கிறது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது சரியா என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

*

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தொடர் முடிந்து சில வருடங்கள் கழித்து மகேஸ் அக்கா ஆள் விட்டிருந்தார், ஒருதடவை வந்துவிட்டுப் போகும்படி. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பின்மதியம். கீழே மோட்டார் சைக்கிள்கள் போகும் சத்தம் மேலே வரும்போது மெலிந்து, தேனீ பறப்பது போல் கேட்டது. செல்லத்துரை அண்ணன் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். வெளியே தூரத்தில் கடல் தெரிந்தது, அதில் ஒரு படகு அசையாமல் நின்றது. எனக்கு ஒரு கணம் எந்த வீட்டில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். மகேஸ் அக்கா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் மிகவும் பணிவாக, "நன்றி, மிஸி" என்றார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

மகேஸ் அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "கன நாளா மிஸிதான், தம்பி. நல்ல மிஸி எண்டு சொல்லுவார்." அதைச் சொல்லிவிட்டு அடுக்களை வாசலில் போய், நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் என்ன செய்வது? 'இவர் யார்?' என்று கேட்கக் கூடாது. அந்தக் கதவைத் தட்டி ஒருமுறை பட்டிருக்கிறேன். 'இவர் மிஸிதானே?' என்றால் ஆமாம் என்றுவிடுவார். ரொம்ப நேரம் கணக்குப் போட்டேன். தேநீர் ஆறிவிட்டது. பிறகு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, தோளைத் தொங்கவிட்டு, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கோவிந்துவாக உட்கார்ந்தேன்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியே புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேசனுக்குப் போனேன். சரியான மழை. கடைசித் தூணுகிட்ட அந்தம்மா நின்னாங்க. நான் அவங்களை அங்கேயே விட்டுட்டு, சிவப்புக் குடையை மட்டும் பத்திரமா கூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு அசையவில்லை. நான் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"பிழை" என்றார்.

கை நெற்றிக்குப் போய், அங்கே இல்லாத கண்ணாடியை மேலே தள்ளியது.

"முழுப் பிழை. ஆள் இஞ்சை நிக்கிறாளடா." அவர் பார்வை மெதுவாகத் திரும்பி, அடுக்களை வாசலில் போய் நின்றது. "மகேஸ், குடையை விரியும். நனையிறீர்."

மகேஸ் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்திருக்கவும் பயந்து அப்படியே இருந்தேன். ஃபெரிச் சங்கு ஊதினால் நிற்போமே, அதுபோல. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பவும் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் இருந்தது மெல்லக் கலைந்து போயிற்று.

மகேஸ் அக்கா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கவில்லை. என் முழங்கையைத் தொட்டார்.

"இன்னொருக்காப் பிழையாச் சொல்லுங்கோ, தம்பி."